பிகோனியாவோட குளிர்காலத்தைத் தண்டுதான் சொல்லும்

இன்னைக்குக் காலையில ரெக்ஸ்ங்கிற பிகோனியா வகையோட தொட்டியில ஒரு சிவப்புப் புள்ளி தெரிஞ்சுது. மிளகை விடச் சின்னது. மண்ணு மேல படுத்துக் கிடக்குற அந்தக் கட்டைத் தண்டோட நுனியில, பழைய இலை விழுந்த தழும்புக்குப் பக்கத்துல, பளபளன்னு ஒரு மொட்டு. 11 வாரமா அந்தத் தொட்டி வெறும் மண்ணாத்தான் இருந்துச்சு. கடைசி இலையும் காஞ்சு விழுந்த அன்னைக்கு என் தங்கச்சி பார்த்துட்டு, "அக்கா, அதான் செத்துப் போச்சே, காலித் தொட்டிக்கு எதுக்குக்கா ஷெல்ஃப்ல இவ்ளோ இடம்"னு கேட்டா. அவ விரலைப் பிடிச்சு அந்தத் தண்டு மேல வச்சு அழுத்திப் பாக்கச் சொன்னேன். கெட்டியா இருந்துச்சு. "செத்திருந்தா கொழகொழன்னு அமுங்கும்டி, இது தூங்குது"ன்னு சொன்னேன். அப்போ சொன்னதுக்கு இன்னைக்குத்தான் சாட்சி வந்திருக்கு, உடனே அவளுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்.

குளிர்காலம் முழுக்க பிகோனியாவை வீட்டுக்குள்ள வச்சுக் காப்பாத்துறதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் இன்னைக்கே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இது எனக்கு 7வது குளிர்காலம். இப்போ 40 தொட்டிக்கு மேல இருக்கு, பாதி ஜன்னல் ஓரம், மீதி லைட் போட்ட ஷெல்ஃப்ல. ஆனா முதல் வருஷம் வெறும் 14 தொட்டிதான் வச்சிருந்தேன், அதுல 9 போயிடுச்சு. அந்த 9ல ஒண்ணு கூட குளிர்ல சாகல. எல்லாம் உள்ளதான், கதகதன்னு இருந்த ரூம்லதான் இருந்துச்சு. நான் பண்ண தப்பு என்னன்னா எல்லாத்தையும் ஒரே செடியா நினைச்சதுதான். ஒரே ஜன்னல், ஒரே மண்ணு, ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு தண்ணி.

பிகோனியான்னு பேரு ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள 2000க்கு மேல இனங்கள் இருக்கு, கலப்பு ரகங்கள் எத்தனை ஆயிரம்னு எண்ணி மாளாது. பிரெஞ்சுக்காரர் சார்ல் ப்ளூமியேதான் மிஷேல் பெகோங்கிற அதிகாரியோட நினைவா அந்தப் பேரை வச்சாரு, அவர் பார்த்தது கரீபியன் தீவுல இருந்த சில இனங்களைத்தான். அதுக்கப்புறம் ஆண்டீஸ் மலை, பிரேசில் காடு, மெக்சிகோ பாறை இடுக்கு, அஸ்ஸாம், மலேசியா, ஆப்பிரிக்கான்னு எங்கெங்கேயோ இருந்து வந்ததெல்லாம் அதே பேருக்குள்ள சேர்ந்துடுச்சு. அந்தந்த இடத்துல வறட்சியும் குளிரும் எப்போ வருமோ அதுக்கேத்த மாதிரிதான் ஒவ்வொண்ணும் பழகியிருக்கு. நாம எல்லாத்தையும் ஒரே ஷெல்ஃப்ல வச்சாலும் அதது தன்னோட காலண்டரைத்தான் பாக்கும்.

அந்தக் காலண்டர் எங்க எழுதியிருக்குன்னா தண்டுல. பிகோனியாவை நாம வாங்குறது இலைக்காக, கோணலா ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சின்னதா இருக்குற அந்த இலை, அதுல வெள்ளி, சுருள், புள்ளி, மசமசன்னு முடி, பார்த்தா விட மனசு வராது. ஆனா ரொம்ப வருஷமா வளர்க்குறவங்க செடியை வகை பிரிக்கிறது பெரும்பாலும் தண்டையும் வேரையும் வச்சுத்தான். கிழங்கு இருக்கா, ரைசோம்னு சொல்ற, மண்ணு மேல இஞ்சி மாதிரி படுத்து ஊர்ற தண்டா, மூங்கில் மாதிரி கணு கணுவா நிமிர்ந்து நிக்கிற கேன் வகையா, இல்ல வெறும் நார் வேரா. செடி தன்னோட சேமிப்பை எங்க வச்சிருக்குன்னு இதுல தெரிஞ்சிடும், சேமிப்பு எங்கன்னு தெரிஞ்சா குளிர்காலத்துல அது என்ன பண்ணும்னும் தெரிஞ்சிடும். புதுசா ஒரு செடி வந்தா இப்பல்லாம் இலையைக் கொஞ்சம் விலக்கிட்டு அடியில எட்டிப் பாக்குறதுதான் என் முதல் வேலை.

முதல்ல ரெக்ஸ், ஏன்னா எல்லாரும் பயப்படுறது அதுக்குத்தான். பிகோனியா ரெக்ஸ் அஸ்ஸாம் பக்கத்து ஈரக்காட்டுத் தரையில வளர்ற செடி, 1850கள்ல ஆர்க்கிட் செடிகளோட சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போயிருக்கு. இன்னைக்கு நம்ம கையில இருக்குற கலர் கலரான ரெக்ஸ் எல்லாம் அதுல இருந்தும் அதோட சொந்தக்கார இனங்கள்ல இருந்தும் கலந்து வந்ததுதான். குளிர்காலத்துல பகல் குறைஞ்சு, ரூமும் 16 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா சில ரெக்ஸ் ரகங்க இலையை ஒண்ணொண்ணா விட்டுடும். முதல்ல ஓரம் பழுப்பாகும், அப்புறம் காம்பு தளரும், ஒரு நாள் தொட்ட உடனே கையோட வந்துடும். இதைப் பார்த்ததும் மனசு பதறி நாம பண்றது என்ன, தண்ணி ஊத்துறது. உறிஞ்ச இலையே இல்லாத செடிக்கு தண்ணி எதுக்கு? மண்ணு ஈரமாவே கிடக்கும், ரைசோம் அடியில இருந்து அழுகும். என்னோட முதல் வருஷத்து 9ல 4 இப்படித்தான் போச்சு.

இப்போ இலை விழ ஆரம்பிச்சா நான் தண்ணியைப் பாதியாக்கிடுவேன். மொத்தமா விழுந்துட்டா 3 வாரத்துக்கு ஒரு தடவை தொட்டி ஓரமா சுத்தி ஒரு சின்ன டம்ளர் அளவு விடுவேன், ரைசோம் சுருங்கிடாம இருக்க அது போதும். வாரம் ஒரு தடவை விரலால அழுத்திப் பாப்பேன். சந்தேகம் வந்தா நகத்தால ஓரத்துல லேசா கீறிப் பாக்கலாம், உள்ள பச்சையாவோ வெளிர் சிவப்பாவோ ஈரமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா தண்ணி மாதிரி இருந்தா அந்தப் பகுதியை நல்ல சதை வர்ற வரைக்கும் வெட்டிட்டு மிச்சத்தைக் காஞ்ச கலவையில படுக்க வச்சுடணும். ஒரு தடவை சுண்டுவிரல் நுனி அளவுதான் மிஞ்சுச்சு, அதுவும் பொழைச்சுது. அந்தச் செடி இன்னைக்கு ஒரு அடி அகலம் இருக்கு.

எல்லா ரெக்ஸும் தூங்காது. லைட்டுக்கு அடியில 20 டிகிரியில ஈரப்பதத்தோட இருந்தா நிறைய ரகங்க இலையோடவே குளிர்காலத்தைத் தாண்டிடும், வளர்ச்சி மட்டும் மெதுவாகும்.

கிழங்கு வகை இதுக்கு நேர் எதிர், அதைத் தூங்க விட்டே ஆகணும். பெரிய பெரிய ரோஜா மாதிரி பூ விடுமே அதுதான். 1860கள்ல ரிச்சர்ட் பியர்ஸ்னு ஒரு செடி சேகரிப்பாளர் பொலிவியா, பெரு பக்கத்து ஆண்டீஸ் மலையில இருந்து கொண்டு வந்த இனங்கள்தான் இதுக்கு மூலம். பகல் சுமார் 12 மணி நேரத்துக்குக் கீழ குறையும்போது மேல வளர்றதை நிறுத்திட்டு, இருக்குறதை எல்லாம் கிழங்குல சேர்த்து வைக்க ஆரம்பிச்சிடும். அப்போ போயி உரம் போட்டு, லைட் போட்டு, இன்னும் நாலு பூ பூக்க வைக்கலாம்னு பிடிச்சு இழுத்தா அடுத்த வருஷத்துக் கிழங்கு தேறாது. இலை மஞ்சளாக ஆரம்பிச்சதும் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடுங்க. அப்புறம் இருக்குறதுதான் பொறுமை வேண்டிய இடம். தண்டு தானா கழண்டு விழணும். கிழங்கு சேர்ற இடத்துல சுத்தமா ஒரு மூட்டு விட்டு அது கழண்டுக்கும், அந்த இடம் வழவழன்னு காஞ்ச தழும்பா இருக்கும். அவசரப்பட்டு ஒடிச்சோம்னா ஒரு குட்டித் துண்டு கிழங்குல ஒட்டிக்கிட்டு நின்னுடும், அது அழுகி அந்த அழுகல் நேரா கிழங்குக்குள்ள இறங்கும். எனக்கு 3 கிழங்கு இப்படிப் போயிருக்கு, மூணுமே நான் ஒடிச்சது, தானா விழுந்ததுல ஒண்ணு கூடப் போகல.

தண்டு விழுந்ததும் கிழங்கை எடுத்து மண்ணை உதறிட்டு, கழுவாம, காத்து வர்ற நிழல்ல ஒரு வாரம் உலர விடணும். அப்புறம் காகிதப் பையில காஞ்ச கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) இல்லைன்னா வெர்மிகுலைட்ங்கிற லேசான கனிமத் துகள் போட்டு, ஒண்ணை ஒண்ணு தொடாத மாதிரி வச்சு, பேரு எழுதி, 7ல இருந்து 10 டிகிரிக்குள்ள இருட்டான இடத்துல வச்சுடலாம். உறையக் கூடாது, ரொம்ப சூடாவும் கூடாது. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ள வேர்த்துடும். மாசம் ஒரு தடவை பையைத் திறந்து ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாருங்க. மெத்துன்னு ஒரு இடம் இருந்தா கூர்மையான கத்தியால நல்ல சதை வரைக்கும் வெட்டி, வெட்டின இடத்துல கந்தகத் தூள் தடவி, 2 நாள் காய விட்டுத் திருப்பி வைக்கலாம்.

இவ்வளவும் படிச்சுட்டு பிகோனியான்னா குளிர்ல தூங்கும்னு ஒரு முடிவுக்கு வந்துடாதீங்க, நான் அப்படி வந்துதான் ஒரு நல்ல எலாட்டியர் செடியைக் கொன்னேன். பூத்துக் குலுங்குற செடியை, தூங்க வைக்கிறேன்னு தண்ணியை நிறுத்தி இருட்டுல வச்சேன். அதோட கதை வேற. 1880ல ஐசக் பேலி பால்ஃபர்னு ஒரு தாவரவியலாளர் அரபிக்கடல்ல இருக்குற சொகோட்ரா தீவுல இருந்து பிகோனியா சொகோட்ரானாவைக் கொண்டு வந்தாரு. அந்தத் தீவுல கோடைதான் கொடுமையான காலம், அதனால அந்தச் செடி கோடையில இலையெல்லாம் விட்டுட்டு அடியில குட்டிக் குட்டி முளைங்களா சுருண்டு தூங்கும், குளிர்காலத்துல எழுந்து பூக்கும். அதையும் ஆண்டீஸ் கிழங்கு வகைகளையும் கலந்து வந்ததுதான் எலாட்டியர். 1891ல லெமோய்ன்ங்கிற பிரெஞ்சுச் செடி வளர்ப்பாளர் உருவாக்கின லொரேன் வகைக்கும் சொகோட்ரானாதான் ஒரு பெத்தவ, அதுவும் குளிர்லதான் பூக்கும். இதுங்களுக்கு நல்ல வெளிச்சம், 16லேருந்து 18 டிகிரி, அளவான தண்ணி, காத்தோட்டம், இவ்வளவுதான் வேணும். பூ முடிஞ்சப்புறம்தான் வெட்டி விட்டு ஓய்வு குடுக்கணும்.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து ரைசோம் வகைங்கதான் எனக்கு உயிர். கண் இமை மாதிரி ஓரத்துல முடி இருக்குற பௌவரே, தாமரை இலை மாதிரி வட்டமா வழவழன்னு இருக்குற எரித்ரோஃபில்லா, இதெல்லாம் குளிர்காலத்துல தூங்குறதில்ல. பொறுமையா நின்னுட்டு, குளிர் முடியுற சமயத்துல நீளமான காம்புல வெளிர் ரோஸ் பூவை மேகம் மாதிரி தூக்கி நிறுத்தும். ரெண்டு வருஷம் என்கிட்ட அது பூக்கவே இல்ல, ஏன்னு புரியாம உரத்தை மாத்தினேன், தொட்டியை மாத்தினேன். ஷெல்ஃப்ல லைட்டை 15 மணி நேரம் ஓட விட்டதுதான் காரணம். ரைசோம் வகைங்க நிறைய, பகல் குறைஞ்சாத்தான் மொட்டு கட்டும். ஜன்னல்ல இருந்த ஒரே ஒரு தொட்டி மட்டும் பூத்து நின்னப்போதான் எனக்கு உறைச்சுது. இப்போ டைமரை 11 மணி நேரத்துக்குக் குறைச்சு வச்சிருக்கேன், ராத்திரி அந்த ரூம்ல விளக்கு போடுறதில்ல. இந்த வருஷம் எரித்ரோஃபில்லால மட்டும் 9 பூக்காம்பு எண்ணினேன்.

அந்த எரித்ரோஃபில்லாவைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அது 1845ல உருவாக்கின கலப்பு ரகம். அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் விதை போட்டு வந்ததில்ல, தண்டை வெட்டி, இலையை நட்டு, ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு வந்ததுதான். அப்படின்னா என் ஜன்னல்ல இருக்குறது அந்தப் பழைய செடியோட பிள்ளை இல்ல, அதே செடிதான், 175 வருஷத்துக்கு மேல ஒவ்வொரு குளிர்காலமும் யாரோ ஒருத்தர் அதைச் சாக விடாம வச்சிருந்திருக்காங்க. ஒவ்வொரு தடவை அதுக்குத் தண்ணி ஊத்தும்போதும் இது நினைவுக்கு வந்துடும்.

கேன் வகைக்கு வர்றேன். வெள்ளைப் புள்ளி போட்ட மாகுலாட்டா எல்லாருக்கும் தெரியும், பிரேசில்காரி. 1892ல இருந்து இருக்குற லுசெர்னா இன்னொண்ணு, கொத்துக் கொத்தா பூக்கும். இதுங்க தண்டுலயே கொஞ்சம் தண்ணியும் சத்தும் வச்சிருக்கும், அதனால கீழ் இலைங்க விழுந்து காலு மட்டும் நீட்டிக்கிட்டு நின்னாலும் பயப்பட வேண்டாம். குளிர்காலத்துல வெட்டிச் சீர் பண்றேன்னு இறங்காதீங்க, வெளிச்சம் இல்லாம வர்ற புதுக் கிளை நூல் மாதிரி மெலிஞ்சு வரும். பகல் நீள ஆரம்பிச்சப்புறம் கீழ 2, 3 கணு விட்டுத் தைரியமா வெட்டலாம், வெட்டின நுனியைத் தண்ணியில வச்சா வேர் விடும். தினமும் பூக்குற அந்தச் சின்ன மெழுகு இலை வகை இருக்கே, செம்பர்ஃப்ளோரென்ஸ், அதுக்கு மூணுல ஒரு பங்கு விட்டு வெட்டி, இருக்குறதுலயே நல்ல வெயில் ஜன்னல்ல வச்சா போதும், அது பாட்டுக்கு பூத்துக்கிட்டே இருக்கும்.

உள்ள கொண்டு வர்ற நேரம் முக்கியம். ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்குறதுக்கு முன்னாடியே கொண்டு வந்துடுங்க. முதல் 2 வாரம் மத்த செடிங்களோட சேர்க்காம தனியா வைக்கணும். இலைக்காம்பும் தண்டும் சேர்ற இடுக்குல பஞ்சு மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, பஞ்சுல ஆல்கஹால் தொட்டு ஒண்ணொண்ணா துடைக்கணும், வாரம் ஒரு தடவை, குறைஞ்சது 4 வாரம். தொட்டியில இருந்து செடியை மண்ணோட உருவி வேரையும் பாருங்க, அங்கேயும் வெள்ளையா ஒட்டியிருக்கும். புது இலை மட்டும் சுருண்டு, பழுப்பேறி, தடிச்சு வந்தா அது கண்ணுக்கே தெரியாத சைக்ளமென் பேன், அந்தச் செடியை நான் வச்சுக்கிறதே இல்ல. எவ்வளவு அரிய ரகமா இருந்தாலும் பையில கட்டி வெளிய போட்டுடுவேன், ஷெல்ஃப் முழுக்கப் பரவ விட முடியாது.

தண்ணிக்கு இப்போ கிழமை பாக்குறதில்ல, தூக்கிப் பாக்குறேன். தண்ணி ஊத்தின உடனே தொட்டியை ஒரு தடவை தூக்கி அந்தக் கனத்தைக் கையில வாங்கிக்கோங்க, 3 நாள் கழிச்சு திருப்பித் தூக்குங்க, பாதிக் கனம் போனப்புறம் ஊத்தினா போதும். குளிர்ல ஒரே ஷெல்ஃப்ல ஒரு தொட்டி 5 நாள்ல காயும், பக்கத்துத் தொட்டி 16 நாள் ஆகும். செடி தொங்கிப் போச்சுன்னா ஊத்துறதுக்கு முன்னாடி மண்ணைத் தொடுங்க. மண்ணு காஞ்சு செடி தொங்கினா அது தாகம், மண்ணு ஈரமா இருந்து செடி தொங்கினா வேர் அழுகுது. பார்க்க ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரிதான் இருக்கும், இதுல ஏமாந்துதான் நிறைய பேரு சாகப் போற செடிக்கு இன்னும் தண்ணி ஊத்துறாங்க. தண்ணி ரூம் சூட்டுல இருக்கட்டும், குழாய்ல இருந்து வர்ற சில்லுன்னு தண்ணி வேணாம்.

தொட்டி விஷயத்துல நான் கறார். பிகோனியா வேர் ஆழம் போகாது, மேலாக்கத்தான் பரவும். அகலமா ஆழம் கம்மியா இருக்குற தொட்டி, கோகோபீட்டும் பெர்லைட்டும் (தண்ணி தேங்காம இருக்கப் போடுற வெள்ளைக் கனிமத் துகள்) சரிபாதி, கொஞ்சம் மக்குன இலை. வளரட்டும்னு பெரிய தொட்டியில வச்சா வேர் எட்டாத மண்ணெல்லாம் குளிர்காலம் முழுக்க ஈரமாவே நிக்கும். குளிர்ல தொட்டி மாத்தவும் கூடாது, அழுகல் வந்தா மட்டும் விதிவிலக்கு.

வெளிச்சத்துக்குச் சாதாரண வெள்ளை எல்இடி ட்யூப் போதும், ஊதாக் கலர் லைட்டெல்லாம் தேவையில்ல. இலையில இருந்து ஒரு அடி தூரம். இலை வெளிறிச் சுருங்கினா கொஞ்சம் தள்ளி வைங்க, காம்பு நீண்டு செடி ஒரு பக்கமா எட்டிப் பார்த்தா கிட்ட கொண்டு வாங்க. கம்மி வெளிச்சத்துல வாழுறதுல சில பிகோனியா பலே கெட்டி. மலேசியாக் காட்டு நிழல்ல வளர்ற பவோனினாவோட இலை ஒரு கோணத்துல பார்த்தா மயில் கழுத்து நீலம். 2016ல வந்த ஒரு ஆராய்ச்சியில, அந்த நீலம் வெறும் அழகுக்கு இல்ல, இலைக்குள்ள பச்சையத் தகடுங்க ரொம்ப ஒழுங்கான அடுக்கா இருக்குறதால நீல ஒளி திரும்புது, அதே அடுக்கு காட்டுக்குள்ள மிஞ்சி வர்ற வெளிச்சத்தை நல்லா பிடிச்சு ஒளிச்சேர்க்கையை 5லேருந்து 10 சதவீதம் வரைக்கும் கூட்டுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மூடின கண்ணாடிப் பெட்டியில ஒரு கன்னு வச்சிருக்கேன், ராத்திரி டார்ச்சை சாய்ச்சு அடிச்சா அந்த நீலம் மினுங்கும், எத்தனை தடவை பார்த்தாலும் போதாது.

ஈரப்பதம் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ஹீட்டர் ஓடுற ரூம்ல ஈரப்பதம் 25, 30 சதவீதத்துக்கு வந்துடும், ரெக்ஸுக்கு 50 வேணும், ரைசோமும் கேனும் 40ல சமாளிச்சுக்கும். இலை மேல ஸ்ப்ரே பண்றதை நான் விட்டு 5 வருஷம் ஆச்சு. பத்து நிமிஷத்துல காஞ்சுடுது, காயாத இடத்துல புள்ளி விழுது. செடிங்களை நெருக்கி வச்சு, ஈரப்பதம் அளக்குற மீட்டர் ஒண்ணு வச்சு, தேவைன்னா ஈரப்பதம் போடுற மெஷின் ஓட விடுறதுதான் வேலைக்காகும். ரொம்ப நாசூக்கான சின்ன இனங்களை மூடி போட்ட தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுல வச்சுடுங்க.

நெருக்கி வைக்கச் சொல்லிட்டேன், ஆனா இலையோட இலை உரசக் கூடாது, காரணம் சாம்பல் நோய். மூணாவது வருஷம் ஒரு நாள் லுசெர்னா இலை மேல சட்டைப் பட்டன் அளவுக்கு வெள்ளையா மாவு சிந்தின மாதிரி ஒண்ணு இருந்துச்சு. தூசின்னு துடைச்சேன், போச்சு. 4 நாள் கழிச்சு அதே இலையில 6 இடம், மேல் தட்டுல இருந்த ரெக்ஸ்ல 2 இடம். இந்தப் பூஞ்சைக்கு இலை நனையணும்னு அவசியமே இல்ல, அசையாத காத்தும் ராத்திரி ஈரமும் இருந்தா போதும். அன்னைக்கே 20 இலைக்கு மேல கிள்ளிப் போட்டேன், பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலை வாரம் ஒரு தடவை அடிச்சேன், ஷெல்ஃப் ஓரத்துல ஒரு குட்டி ஃபேன் மாட்டினேன். செடி மேல நேரா அடிக்காம சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற மாதிரி, இலை லேசா ஆடினா போதும். அந்த ஃபேன் மாட்டினதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் சாம்பல் நோய் எங்க வீட்டுக்குள்ள பரவல, ராத்திரியும் நிறுத்துறதில்ல.

எவ்வளவு பார்த்தாலும் சிலது போகத்தான் செய்யும், அதனால கோடை முடியுறதுக்குள்ள ஒவ்வொரு ரகத்துலயும் ஒரு கன்னு எடுத்து வச்சுடுவேன். ரெக்ஸும் ரைசோமும் ஒரே ஒரு இலை குடுத்தா போதும். முத்தின ஆனா கிழடு தட்டாத இலையா எடுத்து, காம்பு சேர்ற இடத்துல இருந்து விசிறி மாதிரி துண்டு போடணும், ஒவ்வொரு துண்டுலயும் ஒரு தடிச்ச நரம்பு கண்டிப்பா இருக்கணும். கூர் முனையை ஈரமான பெர்லைட்டுல அரை இன்ச் செருகி டப்பாவை மூடி 22 டிகிரியில வச்சா, 3 வாரத்துல வேர் பிடிக்கும், 6 வாரத்துல நரம்பு வெட்டின இடத்துல இருந்து நகத்தை விடச் சின்னதா ஒரு முழு இலை, அதே கலர், அதே சுருள், அதே கோணலோட எட்டிப் பாக்கும். கேன் வகை இப்படி இலையில இருந்து வராது, இலை வேர் விடும் ஆனா கன்னு வராது, அதுக்குக் கணு உள்ள தண்டுதான் வேணும். டப்பா மூடியை ஒரே நாள்ல திறந்துடாதீங்க, ஒரு வாரம் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா திறந்து பழக்குங்க.

வீட்டுல பூனை, நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, பிகோனியாவுல ஆக்சலேட் இருக்கு, கடிச்சா வாய் எரிச்சலும் வாந்தியும் வரும், கிழங்குலதான் அதிகம்.

இனிமே வேலை மெதுவா திரும்பும். புது இலை விரிஞ்ச செடிக்கு மட்டும் உரம், அதுவும் பொட்டலத்துல சொன்ன அளவுல கால் பங்கு கரைச்சு, 2 வாரத்துக்கு ஒரு தடவை. இலை வராதது இன்னும் தூங்குதுன்னு அர்த்தம், அதை எழுப்ப வேண்டாம். இன்னைக்கு ரெக்ஸைப் பார்த்த கையோட கிழங்குப் பைகளையும் எடுத்துத் திறந்தேன். 11ல 10 கெட்டியா இருக்கு. ஒண்ணு உள்ள கூடா போயிடுச்சு, ஆரஞ்சுப் பூ விடுற பழைய கிழங்கு, ரொம்ப நாள் என்கூட இருந்தது, வருத்தமாத்தான் இருக்கு. மிச்சத்துல நாலஞ்சுல குழியான பக்கத்துல ரோஸ் கலர்ல முளை தெரியுது. ட்ரேயில ஈரக் கோகோபீட் பரப்பி, குழி மேல பார்த்த மாதிரி பாதி புதைச்சு, குழிக்குள்ள தண்ணி நிக்காம சுத்தி மட்டும் லேசா ஈரம் காட்டி, ஃபிரிட்ஜ் மேல கதகதப்பா வச்சிருக்கேன். 20 டிகிரி காட்டுது. ஒரு 2 இன்ச் வளர்ந்ததும் தொட்டிக்கு மாத்தணும், அதுக்குள்ள ரெக்ஸோட அந்தப் புள்ளி விரிஞ்சுடும்னு நினைக்கிறேன், தங்கச்சி ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்கா.